ஐந்தாம் மாச ஸ்கேனுக்குப் போற தங்கச்சிக்கு: கர்ப்பப்பை வாய் நீளத்தையும் கேட்டு வாங்கிட்டு வா

கண்ணு, ஐந்தாம் மாச ஸ்கேனுக்கு டேட் வாங்கியாச்சுன்னு அம்மா போன்ல சொன்னாங்க. சந்தோஷம். அன்னிக்கு உன் கவனம் முழுக்க ஸ்கிரீன்ல தெரியுற பிள்ளை மேலதான் இருக்கும். இதயத்துல நாலு அறையும் இருக்கா, உதடு ஒழுங்கா இருக்கா, முதுகெலும்பு நேரா இருக்கா, கிட்னி ரெண்டும் தெரியுதான்னு டாக்டர் ஒண்ணொண்ணா சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே இரு. ஆனா ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல ஒரு வரி இருக்கும், ‘சர்விகல் லெங்த்’னு. கர்ப்பப்பை வாயோட நீளம் அது. ஸ்கேன் ரூம்ல டாக்டர் பக்கத்துல நின்னு வேலை பாக்குற நர்ஸா சொல்றேன், முக்கால்வாசிப் பேர் அந்த வரியைப் படிக்கிறதே இல்ல. படிக்கிறவங்களும் எத்தனை சென்டிமீட்டர்னு மட்டும் பாக்குறாங்க. எந்த வழியா அளந்தாங்கன்னு பாக்குறதில்ல. உனக்கு நான் சொல்ல வந்தது அதைத்தான். ஒரே பொண்ணை, ஒரே நாள்ல வயித்து மேல வெச்சு அளந்தா ஒரு நீளமும் உள்ளே வெச்சு அளந்தா வேற நீளமும் வரலாம்.

இந்த நீளத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னு கேட்பே. 37 வாரம் முடியறதுக்கு முன்னாடி பிறக்குறதைத்தான் குறைமாசம்னு சொல்றோம். 2020ல உலகம் முழுக்க 1 கோடியே 34 லட்சம் குழந்தைங்க அப்படிப் பிறந்தாங்க. அதுல சுமார் 30 லட்சம் பேர் நம்ம இந்தியாவுல. எல்லாத்துக்கும் கர்ப்பப்பை வாய்தான் காரணம்னு சொல்ல முடியாது. பிரஷர், இன்ஃபெக்‌ஷன், ரெட்டைப் பிள்ளைன்னு காரணம் பல இருக்கு. ஆனா முன்கூட்டியே கண்ணால பாத்து அளந்து, கையோட வைத்தியம் பாக்கக்கூடிய காரணம் ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துல இது ஒண்ணு.

அஞ்சாம், ஆறாம் மாசத்துல கர்ப்பப்பை வாய் சாதாரணமா 3லேர்ந்து 4 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அமெரிக்காவுல மூவாயிரம் பேருக்குக் கிட்டத்தட்ட அளந்து பாத்து 1996ல ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டாங்க. அதுல 24ஆம் வாரத்துச் சராசரி 35 மில்லிமீட்டர். நீளம் குறையக் குறைய முன்கூட்டியே வலி வர்ற வாய்ப்பு ஏறிக்கிட்டே போகுதுன்னு அந்த ஆய்வு தெளிவாக் காட்டுச்சு. இன்னிக்கு டாக்டருங்க 24 வாரத்துக்கு முன்னாடி 25 மில்லிமீட்டரோ அதுக்குக் கீழேயோ இருந்தா ‘ஷார்ட் சர்விக்ஸ்’னு எழுதுறாங்க.

இதுல முக்கியமான சங்கதி ஒண்ணு இருக்கு. கர்ப்பப்பை வாய் உள்பக்கத்துலேர்ந்துதான் திறக்க ஆரம்பிக்கும். பிள்ளை இருக்குற பக்கத்துல உள்வாய், யோனிப் பக்கத்துல வெளிவாய். உள்வாய் விரிஞ்சு பாதி நீளம் போனதுக்கு அப்புறமும் வெளிவாய் கெட்டியா மூடியே இருக்கும். டாக்டர் கைவெச்சுப் பாத்து “வாய் மூடித்தான் இருக்கும்மா”ன்னு சொல்றது வெளிவாயைப் பத்தி மட்டும்தான். உனக்கும் வலி தெரியாது, ரத்தம் வராது. ஸ்கேன் ஒண்ணுதான் உள்வாயைக் காட்டும். அந்த ஸ்கேனை மூணு வழியில எடுக்கலாம்.

வயித்து மேல வெச்சு எடுக்குறது

எல்லாருக்கும் பழக்கமான ஸ்கேன் இது. ஜெல் தடவி, புரோபை அடிவயித்துல, பூப்பெலும்புக்கு மேல வெச்சுக் கீழ்நோக்கிப் பாப்பாங்க. கூச்சம் இல்ல, வலி இல்ல, பிள்ளையைப் பாக்குற அதே நேரத்துல முடிஞ்சுடும். நம்ம ஊர்ல பெரும்பாலான ரிப்போர்ட்டுல இருக்கிற நீளம் இப்படி எடுத்ததுதான்.

சிக்கல் என்னன்னா, கர்ப்பப்பை வாய் இடுப்புக்குழிக்குள்ள ஆழத்துல இருக்கு. ஸ்கேன் அலை தோலு, கொழுப்பு, சதை, சிறுநீர்ப்பை எல்லாத்தையும் கடந்து போய்த் திரும்பணும். அவ்வளவு ஆழம் போகணும்னா வயித்துப் புரோப் 2லேர்ந்து 5 மெகாஹெர்ட்ஸ் அளவுலதான் வேலை செய்ய முடியும். அந்த அலை ஆழமாப் போகும், ஆனா நுணுக்கமாக் காட்டாது. உடம்பு கொஞ்சம் பூசினாப்ல இருந்தாலோ, பிள்ளையோட தலை கீழே இறங்கி நின்னாலோ வாய் மறைஞ்சுடும். அப்போ அளக்குறவங்க ரெண்டு முனையும் தெரியாம ஊகிச்சுக் கோடு போட வேண்டி வரும்.

பெரிய ஏமாத்து வேலை பண்றது சிறுநீர்ப்பைதான். வயித்து மேல பாக்குறப்ப வாய் தெரியணும்னா சிறுநீர்ப்பை கொஞ்சமாவது நிறைஞ்சிருக்கணும். அதுக்காகத்தான் “தண்ணி நல்லாக் குடிச்சுட்டு வாங்க, யூரின் போகாதீங்க”ன்னு ரிசப்ஷன்ல சொல்றாங்க. ஆனா ரொம்ப முட்டிக்கிட்டு இருந்தா அந்தப் பை கர்ப்பப்பையோட கீழ்ப்பகுதியை அழுத்தி, முன்சுவரையும் பின்சுவரையும் ஒட்ட வெச்சுடும். வாயே இல்லாத இடமும் வாய் மாதிரித் தெரியும். 2 சென்டிமீட்டர் இருக்குறவளுக்கு 3.5ன்னு வரும். உள்வாய் விரிஞ்சிருந்தாலும் அழுத்தத்துல மூடினாப்ல தெரியும். யாருக்கு உண்மையிலேயே குறைவா இருக்கோ அவளுக்கே ‘நார்மல்’னு எழுதிட்டா அதைவிடப் பெரிய கெடுதல் வேற என்ன இருக்கு?

இதனாலதான் வயித்து மேல எடுத்த அளவுக்குக் கொஞ்சம் இடம் விட்டுப் பாக்கணும். 2013ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, உள் ஸ்கேன்ல 25 மில்லிமீட்டரோ அதுக்குக் கீழேயோ இருக்கிறவங்கள நூத்துக்கு 96 பேரைக் கண்டுபிடிக்கணும்னா, வயித்து மேல 36 மில்லிமீட்டரோ அதுக்குக் கீழேயோ வர்ற எல்லாரையும் உள்ளே வெச்சுத் திரும்பப் பாக்கணும்னு கணக்குச் சொன்னாங்க. 25க்கும் 36க்கும் நடுவுல எவ்வளவு தூரம் பாரு. வயித்து மேல 3.2 சென்டிமீட்டர் வந்துச்சுன்னு நீ நிம்மதியா வீட்டுக்கு வர்றது அவ்வளவு சரியில்ல.

வெளியே, கீழே வெச்சு எடுக்குறது

இதைப் பத்தி நம்ம பொண்ணுங்களுக்கு யாரும் சொல்றதே இல்ல. ‘டிரான்ஸ்பெரினியல்’, இல்லேன்னா ‘டிரான்ஸ்லேபியல்’னு டாக்டருங்க சொல்வாங்க. வயித்துக்கு வெக்கிற அதே புரோபுக்கு கையுறை மாட்டி, ஜெல் போட்டு, யோனி வாசல்ல வெளியே வெச்சுப் பாக்குறது. உள்ளே எதுவும் போகாது. சிறுநீர் முட்ட வேண்டிய அவசியமும் இல்ல. ரெண்டு முனையும் தெளிவாத் தெரிஞ்சுட்டா, அளவு உள் ஸ்கேனோட நல்லாவே ஒத்துப்போகும்.

அந்த ‘தெரிஞ்சுட்டா’ங்கிறதுதான் இதோட தொல்லை. மலக்குடல்ல இருக்கிற காத்து நிழல் அடிச்சு வெளிவாயை மறைச்சுடும். எல்லாருக்கும் முழுசாத் தெரியும்னு உத்தரவாதம் இல்ல. இடுப்புக்குக் கீழே தலையணை கொடுத்துக் கொஞ்சம் தூக்கினா பல பேருக்குத் தெரிஞ்சுடும். காலையில மோஷன் போய்ட்டு வந்திருந்தாலும் உதவும். எடுத்துப் பழகின டாக்டரும் வேணும். எல்லா சென்டர்லயும் பழக்கம் இருக்காது. உள்ளே எதையும் வெக்கவே முடியாத அளவுக்குப் பயமோ, தசை இறுக்கமோ இருக்கிறவங்களுக்கு இது நல்ல வழி. வயித்து மேல மட்டும் பாத்துட்டு விடுறதைவிட மேல்.

உள் ஸ்கேன்

இப்ப நான் நிதானமாச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துட்டேன். ‘டிவிஎஸ்’னு சீட்டுல எழுதியிருக்கும். விரல் மொத்தத்துல நீளமா ஒரு புரோப். அதுக்கு மேல புதுசா ஒரு ஆணுறையோ கவரோ மாட்டி, ஜெல் தடவி, யோனிக்குள்ள வெச்சுப் பாப்பாங்க. கர்ப்பப்பை வாய்க்கு ரொம்பப் பக்கத்துல போயிடறதால அலை ஆழம் போக வேண்டியதில்ல. 5லேர்ந்து 9 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் வெச்சு நுணுக்கமாப் பாக்கலாம். பிள்ளையோட தலை மறைக்காது, குண்டு ஒல்லி வித்தியாசம் இல்ல. உலகம் முழுக்க 25 மில்லிமீட்டர்னு வெச்சிருக்கிற அந்தக் கோடும் இந்த ஸ்கேன்ல எடுத்த அளவை வெச்சுப் போட்டதுதான். அதனாலதான் வைத்தியம் ஆரம்பிக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ண இந்த அளவைத்தான் நம்புறாங்க.

“மாசமா இருக்குறப்ப உள்ளே வெச்சுப் பாக்கலாமா, பிள்ளைக்கு ஏதாவது ஆயிடாதா?” ஸ்கேன் ரூம்ல நான் தினமும் கேட்கிற கேள்வி இது. பொண்ணு சம்மதிச்சாலும் கூட வந்த மாமியாரோ அம்மாவோ “அதெல்லாம் வேணாம் டாக்டர்”னு எழுந்துடுவாங்க. அவங்க பயமும் பாசத்துல வர்றதுதான், கோபப்படாதே. ஆனா விஷயத்தைச் சொல்லு. அந்தப் புரோப் கர்ப்பப்பை வாய்க்குள்ள போகாது. வாய்க்கு முன்னாடி இருக்கிற குழிவுல நிக்கும், அவ்வளவுதான். பிள்ளை அதுக்கு அப்பால, பனிக்குடத்துக்குள்ள பத்திரமா இருக்கு. இந்த ஸ்கேனால கரு கலையறதும் இல்ல, வலி வர்றதும் இல்ல. நஞ்சு கீழே இறங்கியிருக்கிறவங்களுக்குக்கூட, எவ்வளவு கீழே இருக்குன்னு சரியாப் பாக்க டாக்டருங்க இந்த ஸ்கேனைத்தான் எடுக்குறாங்க. பனிக்குடம் உடைஞ்சவங்ககிட்ட பண்ணின ஆய்வுலயும் இதனால இன்ஃபெக்‌ஷன் கூடலைன்னுதான் தெரிஞ்சுது.

வலிக்குமான்னா, லேசா அழுத்தினாப்ல இருக்கும். உடம்பை விறைச்சுக்கிட்டா கூடத் தெரியும். வாயைத் திறந்து மெதுவா மூச்சு விட்டா இடுப்புத் தசை தானாத் தளரும். கூச்சம் பத்தி ஒண்ணு சொல்றேன்: உனக்கு லேடி டாக்டர் வேணும்னா அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்லிடு, அன்னிக்குப் போய்க் கேட்டா கிடைக்காம போகலாம். ஆண் டாக்டரா இருந்தா நர்ஸ் ஒருத்தர் கூடவே இருக்கணும், அது உன் உரிமை. இடுப்புக்குக் கீழே போர்வை போடச் சொல்லு. புரோபோட நுனியை நானே வெச்சுக்கிறேன்னு சொன்னாலும் தப்பே இல்ல, பல பேருக்கு அது சுலபமா இருக்கு. நடுவுல வலிச்சா “நிறுத்துங்க”ன்னு சொல்லலாம், நிறுத்தியாகணும். ரப்பர் பட்டா உனக்கு அரிப்பு எடுக்கும்ல, சின்ன வயசுல பலூன் ஊதிட்டு உதடு வீங்கினது ஞாபகம் இருக்கா? அதை மறக்காம முதல்லயே சொல்லிடு, லேட்டக்ஸ் இல்லாத கவர் மாட்டுவாங்க. கவர் உன் கண்ணு முன்னாடி பிரிச்சு மாட்டினா நல்லது. கேட்கத் தயங்காதே.

ஒரு விஷயம் மட்டும் தலைகீழ். வயித்து ஸ்கேனுக்கு சிறுநீர் இருக்கணும், உள் ஸ்கேனுக்கு இருக்கவே கூடாது. அதனால பிள்ளையை முதல்ல வயித்து மேல பாத்து முடிச்சுட்டு, “பாத்ரூம் போய்ட்டு வாங்கம்மா”ன்னு அனுப்பி, அப்புறம்தான் உள்ளே பாக்கணும். அனுப்பலைன்னா நீயே “போய்ட்டு வந்துடறேன் மேடம்”னு கேளு. வரிசையில ஆள் நிக்குதேன்னு அவசரப்படாதே.

நல்லா அளக்குறாங்களான்னு எப்படித் தெரியும்?

உள் ஸ்கேனா இருந்தாலும் அவசரத்துல எடுத்தா அளவு தப்பும். புரோபை அழுத்திப் பிடிச்சா வாய் நசுங்கி நீளமாத் தெரியும். அதனால பழகின டாக்டர் வாய் தெரிஞ்சதும் புரோபைக் கொஞ்சம் பின்னாடி இழுத்து, படம் மங்குற வரைக்கும் விட்டு, திரும்பத் தொட்டும் தொடாம வெச்சு அளப்பார். முன் உதடும் பின் உதடும் ஒரே தடிமன்ல தெரியணும். முன்னது மட்டும் மெலிஞ்சு தெரிஞ்சா அழுத்தம் ஜாஸ்தி. ஸ்கிரீன்ல முக்கால் பங்காவது கர்ப்பப்பை வாய் நிறைஞ்சு நிக்குற மாதிரிப் பெருசு பண்ணணும். உள்வாய்லேர்ந்து வெளிவாய்க்கு நேர்கோடு. வாய் வளைஞ்சிருந்தாலும் நேர்கோடு போதும்; குறைஞ்ச வாய் பெரும்பாலும் நேராத்தான் இருக்கும்.

ஒரு தடவை பாத்துட்டு விடக்கூடாது. மூணு தடவை அளக்கணும், சில நிமிஷம் காத்திருந்து பாக்கணும். கர்ப்பப்பை லேசா இறுகித் தளரும்போது வாயோட வடிவம் மாறும். சில சமயம் அந்த இறுக்கமே உள்வாய் திறந்தாப்ல பொய்யாக் காட்டும், கொஞ்ச நேரத்துல சரியாயிடும். சில சமயம் மூடினாப்ல இருந்தது கண்ணு முன்னாடியே விரியும். மூணுல நல்ல படமா இருக்கிறதுல எது குறைவோ அதைத்தான் ரிப்போர்ட்டுல எழுதணும், சராசரியை இல்ல. அஞ்சு நிமிஷ வேலை இது. லண்டன்ல இருக்கிற ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன் இதுக்குன்னே தனியா பயிற்சியும் சர்டிஃபிகேட்டும் வெச்சிருக்கு. கர்ப்பப்பை வாய் அளக்க அங்கே பயிற்சி எடுத்தவங்கன்னா நீ நம்பிப் போகலாம். அதுக்காக சர்டிஃபிகேட் இல்லாதவங்க தப்பா அளப்பாங்கன்னு அர்த்தமில்ல. நிதானமாப் பாக்குற கைதான் முக்கியம்.

ரிப்போர்ட்டைப் படிக்கிறப்ப

முதல்ல எந்த வழியா எடுத்தாங்கன்னு எழுதியிருக்கா பாரு. ‘டிவிஎஸ்’னு இருந்தா உள்ளே, ‘டிஏஎஸ்’னு இருந்தா வயித்து மேல. எதுவுமே எழுதலைன்னா வயித்து மேலன்னு வெச்சுக்கலாம், ஆனாலும் கேட்டு எழுதி வாங்கிடு. அடுத்து மில்லிமீட்டரா சென்டிமீட்டரான்னு பாரு. ஒருத்தர் 32ன்னும் இன்னொருத்தர் 3.2ன்னும் எழுதுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான். அப்புறம் ‘இன்டர்னல் ஆஸ் க்ளோஸ்டு’ன்னு இருக்கணும். உள்வாய் மூடியிருக்குன்னு அர்த்தம். ‘ஃபனலிங்’னு இருந்தா உள்வாய் புனல் மாதிரி விரிஞ்சிருக்கு. டாக்டருங்க இதை இங்கிலீஷ் எழுத்து வடிவத்துல பேசிக்குவாங்க. ‘டி’ன்னா நல்லா மூடியிருக்கு, ‘ஒய்’, ‘வி’, ‘யு’ன்னு போகப் போக விரிவு கூடுது. ஃபனலிங் இருந்தா அது தொடங்குற இடத்துக்குக் கீழே மூடின பாகம் எவ்வளவு மிச்சம்ங்கிறதுதான் கணக்கு.

எத்தனாவது வாரம்னும் சேர்த்துப் பாக்கணும். 16 வாரத்துக்கு முன்னாடி வாயையும் கர்ப்பப்பையோட கீழ்ப்பகுதியையும் பிரிச்சுப் பாக்குறது கஷ்டம், அளவு அதிகமாத்தான் வரும். 18லேர்ந்து 24க்குள்ள எடுக்குறதுதான் பிரயோஜனம். எட்டாம் மாசத்துல யாரோ எடுத்து “2.4தான் இருக்கு”ன்னு சொன்னா அலற வேண்டாம், அந்த நேரத்துல வாய் தானாவே குறைய ஆரம்பிக்கிறது இயற்கை.

அடுத்த தடவை திரும்ப அளக்கச் சொன்னா அதே வழியிலதான் அளக்கணும். போன மாசம் வயித்து மேல 38, இந்த மாசம் உள்ளே 30ன்னா, 8 மில்லிமீட்டர் குறைஞ்சு போச்சுன்னு ராத்திரியெல்லாம் தூங்காம அழுறவங்களைப் பாத்திருக்கேன். குறைஞ்சிருக்கவே வேண்டியதில்ல, அளந்த வழிதான் மாறியிருக்கு. பழைய ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போ.

யாரெல்லாம் தள்ளிப்போடவே கூடாது

உனக்கு இது தலைச்சன் பிள்ளை, முன்னாடி எந்தப் பிரச்சனையும் இல்ல. ஐந்தாம் மாச ஸ்கேனோட ஒரு தடவை உள்ளே பாத்து 25க்கு மேல இருந்துட்டா போதும். ஆனா உன் நாத்தனாருக்கு ஏழாம் மாசத்துல பிரசவம் ஆச்சுன்னு சொன்னியே, அவங்க அடுத்த தடவை உண்டானா கதையே வேற. முன்னாடி குறைமாசத்துல பிறந்திருந்தாலோ, அஞ்சாம் மாசத்துல வலியில்லாமலே கலைஞ்சிருந்தாலோ, கர்ப்பப்பை வாய்ல சதை வெட்டி எடுத்த ஆபரேஷன் நடந்திருந்தாலோ, 16 வாரத்துலேர்ந்தே உள் ஸ்கேன் ஆரம்பிச்சு 24 வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பாக்கணும். நீளம் 25லேர்ந்து 29 மில்லிமீட்டருக்குள்ள வந்தா வாரா வாரம். இவங்க விஷயத்துல வயித்து மேல எடுத்த அளவை வெச்சு முடிவு பண்ணவே கூடாது. ரெட்டைப் பிள்ளை சுமக்கிறவங்களுக்கும் அளக்கணும், ஆனா வைத்தியம் அப்படியே இதே மாதிரி இருக்காது, அவங்க டாக்டர் சொல்றதைத்தான் கேட்கணும்.

குறைவுன்னு வந்துட்டா?

முதல்ல மூச்சை இழுத்து விடு. குறைஞ்ச வாய்ன்னா நாளைக்கே பிரசவம்னு அர்த்தமில்ல. நான் சொன்ன 1996 ஆய்வுல 24ஆம் வாரத்துல 25 மில்லிமீட்டரோ அதுக்குக் கீழேயோ இருந்தவங்கள்ல நூத்துக்கு சுமார் 18 பேருக்குத்தான் 35 வாரத்துக்கு முன்னாடி பிரசவம் ஆச்சு. மத்தவங்க எல்லாம் 35 தாண்டினாங்க.

அடுத்து, இதுக்கு மருந்து இருக்கு. ராத்திரி படுக்கப் போறப்ப யோனிக்குள்ள வெக்கிற புரோஜெஸ்டிரான் மாத்திரை, பெரும்பாலும் 200 மில்லிகிராம். 2007ல வந்த ஒரு ஆய்வுல 15 மில்லிமீட்டரோ அதுக்குக் கீழேயோ இருந்த 250 பேரைப் பாதிப் பாதியாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு இந்த மாத்திரையையும் மறு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரையையும் கொடுத்தாங்க. 34 வாரத்துக்கு முன்னாடி பிரசவம் ஆனது மருந்தில்லாதவங்கள்ல நூத்துக்கு 34 பேர், மருந்து வெச்சவங்கள்ல 19 பேர். வெள்ளை வெள்ளையா வெளியே வரும், கவலைப்படாதே, கரைஞ்ச மாத்திரைதான். டாக்டர் நிறுத்தச் சொல்ற வரைக்கும் ஒரு நாள்கூட விடக்கூடாது. நீயா கடையில வாங்கி ஆரம்பிக்கவும் கூடாது.

முன்னாடி குறைமாசமும் ஆகி, இப்ப வாயும் குறைஞ்சிருந்தா தையல் போடுவாங்க. பாட்டியோட சுருக்குப்பைக் கயிறை இழுத்துக் கட்டினாப்ல வாயைச் சுத்தி இறுக்கிக் கட்டுறது. உலகம் முழுக்கப் பேசுற ‘ஷிரோட்கர் தையல்’ நம்ம நாட்டு டாக்டர் பேர்ல இருக்குன்னு தெரியுமா? பம்பாய்ல வேலை பாத்த வி. என். ஷிரோட்கர்தான் அதைக் கண்டுபிடிச்சார். 1955ல அவர் அதை எழுதினது சென்னையில டாக்டர் யு. ராமராவ் ஆரம்பிச்ச ‘ஆன்டிசெப்டிக்’ங்கிற மருத்துவ இதழ்ல. நம்ம ஊர்ல அச்சான பக்கம் ஒண்ணு இத்தனை தாய்மாருக்கு உதவியிருக்குன்னு நினைக்கிறப்ப எனக்கு உடம்பு சிலிர்க்கும். ரெண்டு வருஷம் கழிச்சு, 1957ல, ஆஸ்திரேலியாவுல மெக்டொனால்டுன்னு ஒருத்தர் இன்னும் சுலபமான தையல் ஒண்ணு சொன்னார். இப்ப அதிகமாப் போடுறது அதைத்தான். 36, 37 வாரத்துல பிரிச்சுடுவாங்க.

“படுத்தே இரு, கால் கீழே வெக்காதே”ன்னு வீட்டுல எல்லாரும் சொல்வாங்க. படுத்துக்கிட்டே இருந்தா குறைமாசம் தடுக்கப்படும்னு எந்த ஆய்வும் காட்டலை. காலுல ரத்தம் கட்டுறது, தசை இளைக்கிறது, மனசு சோர்ந்து போறதுதான் மிச்சம். கனமான குடம் தூக்குறது, தாம்பத்தியம் இதையெல்லாம் எவ்வளவு குறைக்கணும்னு டாக்டர்கிட்ட நேரடியாக் கேளு. மாப்பிள்ளையையும் கூட வெச்சுக்கிட்டே கேளு.

இந்த வாரமே செய்ய வேண்டியது

உங்க டாக்டர்கிட்ட ஸ்கேன் சீட்டு வாங்குறப்ப ‘அனாமலி ஸ்கேன்’னு மட்டும் இல்லாம ‘டிவிஎஸ் சர்விகல் லெங்த்’னும் சேர்த்து எழுதித் தரச் சொல்லு. சீட்டுல இல்லாததை சென்டர்ல பல பேர் எடுக்க மாட்டாங்க. உள் ஸ்கேனுக்குத் தனியாக் காசு வாங்குவாங்களான்னு போன்லயே கேட்டுக்கோ. ஆதார் கார்டு எடுத்துட்டுப் போ. ஆணா பெண்ணான்னு தெரிஞ்சுக்க விருப்பமில்லைன்னு ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வாங்குவாங்க, அது சட்டம். லூசா பாவாடையோ நைட்டியோ போட்டுக்கிட்டுப் போனா சுலபம். கூட வர்றவங்களுக்கு உள் ஸ்கேன் பத்தி வீட்டுலயே எடுத்துச் சொல்லிடு, அங்கே போய் வாக்குவாதம் வேண்டாம். உன் அத்தை தயங்கினா எனக்கு போன் போட்டுக் கொடு, நான் பேசுறேன்.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோ. அளவு நல்லா இருக்குன்னு வந்ததுக்கு அப்புறமும் அடிவயிறு விட்டு விட்டு இறுகினாலோ, இடுப்புல புதுசா ஒரு வலி பிடிச்சு விட்டாலோ, கீழே ஏதோ இறங்குறாப்ல பாரமா இருந்தாலோ, தண்ணி மாதிரியோ ரத்தம் கலந்தோ பட்டாலோ, அடுத்த ஸ்கேன் டேட் வரட்டும்னு காத்திருக்காதே. பிரசவ வார்டு இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரா போ. நடு ராத்திரியா இருந்தா 108ஐக் கூப்பிடு, வண்டி ஏறினதும் எனக்கு ஒரு போன் அடி.